கிபிபிக்குக் கணவர் கையெழுத்து

எங்கள் ஊரில் முத்திரை இல்லாமல் எதுவும் அசையாது. வாடகைக்கு வீடு பிடிக்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, போலீஸில் மாட்டிக்கொண்ட தம்பியை வெளியே எடுக்க, எல்லாவற்றுக்கும் பத்து வீட்டுக்கு ஒருவராக இருக்கும் தலைவரின் கடிதம் வேண்டும். கடிதத்தின் அடியில் ஊதா முத்திரை வேண்டும். என் புருஷன் மவுத்தான அன்று, அடக்கம் செய்யக் கடிதம் கேட்டபோது, முத்திரை மை காய்ந்துபோயிருந்தது. புது மை வரும்வரை அவர் இரண்டு மணி நேரம் கூடத்தில் படுத்துக் காத்திருந்தார். உயிரோடு இருந்த காலத்தில் அவ்வளவு பொறுமையாக அவர் எதற்கும் காத்திருந்ததில்லை.

நோன்புக்கு ஆறு வாரம் இருக்கும்போது கால்நடை அலுவலகத்தின் ஒலிபெருக்கி வண்டி மீன் துறைக்கு வந்தது. பெண் பூனைகளுக்கு இலவசக் கருத்தடை அறுவை சிகிச்சையாம். வியாழக்கிழமைதோறும் டாங்கா நகரத்திலிருந்து டாக்டர் வருகிறாராம். நானும் செமேனியும் அப்போது நெத்திலியை உப்புத் தண்ணீரில் வேகவைத்துக்கொண்டிருந்தோம். செமேனி கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

செமேனி என் பக்கத்து வீட்டுக்காரி. மூத்தவள் பெயர் தபு என்பதால் ஊருக்கு அவள் தபு அம்மா. தபுவுக்குக் கீழே இன்னும் நாலு. புருஷன் கொம்போ தெற்கே மாஃபியா தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவன். அங்கே கரையில் கொட்டகை போட்டு வருஷம் முழுக்கத் தங்குவான். போன் எடுக்காது. நோன்புப் பெருநாளுக்கு மட்டும் வருவான். பேரீச்சம்பழம் கொண்டுவருவான், தலைக்கொரு துணி கொண்டுவருவான், பத்து நாளில் போய்விடுவான். அடுத்த பெருநாளுக்குள் செமேனி கையில் ஒரு பிள்ளை இருக்கும். போன வருஷம் மட்டும் காற்று மோசமாக இருந்து அவன் வரவில்லை.

அவளுடைய பூனை கிபிபி. சாம்பல் நிறம். ஒரு கை அளவு உடம்பு, வருஷத்துக்கு மூன்று ஈற்று. கடைசி ஈற்றில் குட்டி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, செமேனி விரலில் எண்ணெய் தடவி இழுத்து எடுத்தாள். அதற்குப் பிறகு கிபிபி நடந்தால் எலும்பு தெரிந்தது.

"இன்னொரு ஈத்து வந்தா இவ செத்துடுவாக்கா" என்றாள் செமேனி.

இதே வார்த்தையை மருத்துவச்சி செமேனியைப் பார்த்துச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐந்தாவது பிரசவம். பாய் முழுக்க ரத்தம். மூன்று மாதம் கழித்துக் குடும்ப நல ஜன்னலுக்குப் போய், "எனக்கு ஆபரேஷன் பண்ணிவிடுங்க" என்று கேட்டாள். புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடலுக்குள் இருக்கிறவனிடம் கையெழுத்து எப்படி வாங்குவது? அதை யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அங்கே ஜன்னல் இல்லை.

ஆகவே, தனக்குக் கிடைக்காதது பூனைக்காவது கிடைக்கட்டும் என்று அவள் முதல் வியாழக்கிழமை கிபிபியை மீன் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி எடுத்துக்கொண்டாள். மயக்கம் கொடுப்பதால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சொன்னதால், முந்தின இரவே கிபிபி பட்டினி.

கால்நடை அலுவலகமும் குடும்ப நல அலுவலகமும் ஒரே அறை, ஒரே மேசை, ஒரே ஷெம்தோ. ஆள் பற்றாக்குறை. காலையில் ஜன்னலில் தொங்கும் பலகையில் 'குடும்ப நலம்' என்றிருக்கும். மதியம் சாப்பிட்டு வந்து ஷெம்தோ பலகையைத் திருப்புவார். மறுபக்கம் 'கால்நடை'. ஒன்றரை வருஷம் முன்னால் செமேனியைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர், அதே நாற்காலி. அவருக்கு அவளை நினைவில்லை.

"பேரு?"

"கிபிபி."

"அது சரி, யாரோட அம்மா? பிள்ளை பேரைச் சொல்லுங்க. அப்படித்தான் ரிஜிஸ்டர்ல ஏத்தணும்."

"ஐயா, இது பூனை."

"பூனைன்னா? அதுக்குப் பிள்ளை இல்லையா? இங்க பாருங்க, உயிரோட இருக்கிற பிள்ளைகள் எத்தனை, பேரென்னன்னு ஃபாரத்துல கேட்டிருக்கு. நான் காலியா விட்டா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க."

அப்போதுதான் அந்த ஃபாரத்தைப் பார்த்தோம். பூனைக்கென்று யாரும் ஃபாரம் அச்சடிக்கவில்லை. பெண்களின் கருத்தடைக்கு அச்சடித்த ஃபாரம் அலமாரி நிறையக் கிடந்தது. பழுப்பேறி, மூலையில் கரையான் தின்ற கட்டுகள். ஏன் அவ்வளவு மிச்சம் என்று நான் கேட்கவில்லை. செமேனி போல எத்தனை பேர் அந்த ஜன்னலிலிருந்து திரும்பிப் போனார்கள் என்பதற்கு அந்த அலமாரியே சாட்சி.

உயிரோடு இருந்த குட்டிகள் இரண்டு. பெயரில்லை. செமேனி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்: நெத்திலி, கிழங்கு. ஷெம்தோ அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அரசாங்கக் கணக்கில் கிபிபி, நெத்திலி அம்மா ஆனாள்.

"கணவர் பேரு?"

செமேனி கூடையைப் பார்த்தாள். கூடைக்குள்ளிருந்து கிபிபி அவளைப் பார்த்தது.

"தெரியாதுங்க."

ஷெம்தோ பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "தாயி, நான் யாரையும் தப்பா பேசுறவன் இல்ல. ஆனா இத்தனை பிரசவம் ஆயிருக்கு, புருஷன் பேரு தெரியாதுன்னா எப்படி? குடும்பம்ங்கிறது நாட்டோட அஸ்திவாரம். நாளைக்கு அவர் வந்து, என்னைக் கேக்காம என் பொண்டாட்டி வயித்தை எப்படிக் கிழிச்சீங்கன்னு நின்னா நான் என்ன பதில் சொல்றது? பத்து வீட்டுத் தலைவர்கிட்ட கணவர் யாருன்னு எழுதி, முத்திரை வாங்கிட்டு வாங்க."

கிபிபி பசியோடு வீடு திரும்பியது.

எங்கள் பத்து வீட்டுத் தலைவர் பெரியவர் மக்காமே. முத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தொழப் போனாலும் பையில் அது தடித்துத் தெரியும். "ஷிகமோ" என்று செமேனி குனிந்து வணங்கினாள். "மரஹபா" என்று ஏற்றுக்கொண்டு, விஷயத்தைக் கேட்டு, பத்து வீட்டு ஆண்களையும் அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டினார். பெண்கள் விஷயம் என்பதால் பெண்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். குட்டிகளைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள். நெத்திலி மஞ்சள், கிழங்கு கறுப்பு.

"ஒரே ஈத்துல ரெண்டு நிறம்" என்றார் மக்காமே, குரலைத் தாழ்த்தி. "இந்த நடத்தையை நான் முத்திரை போட்டு எப்படிச் சொல்றது? என் பத்து வீட்டுக்கு ஒரு மானம் இருக்கில்ல?"

"அது பூனைங்க பெரியவரே!" என்று நான் வேலிக்கு மேலே கத்தினேன்.

"ஸலூம் அம்மா, நீ சும்மா இரு. பூனைக்கு இன்னிக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு எங்க போய் நிக்கும்?"

கடைசியில் மீன் சந்தையில் திரியும் ஒற்றைக் காது மஞ்சள் கடுவனைக் கணவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் வியாழனுக்கு முன் அதைப் பிடித்து, மைப் பெட்டியில் அதன் காலை அழுத்த மக்காமே முயன்றார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு கோடு விழுந்தது. கடுவன் மைக்காலோடு அவர் வெள்ளை அங்கியில் ஏறி, தோள் வழியாகக் குதித்து ஓடிவிட்டது. கால் தடம் அங்கியில் மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது. அங்கியை இணைக்க விதி இல்லை என்று ஷெம்தோ சொல்லிவிட்டார். இரண்டாம் வியாழனும் கிபிபி பட்டினி கிடந்து திரும்பியது. மூன்றாம் வியாழன் கணவர் மீண்டும் தலைமறைவு. நோன்பு வருமுன்னே அந்த வீட்டில் நோன்பு பிடித்தது கிபிபிதான்.

அதற்குள் கிபிபிக்குக் காலம் வந்துவிட்டது. இரவெல்லாம் கத்தியது. கூரையில் மூன்று கடுவன்கள், அவற்றில் ஒன்று சட்டப்படிக் கணவர். செமேனி கிபிபியை மீன் பெட்டிக்குள் வைத்து, மேலே கல்லை ஏற்றி, கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுத் தானே படுத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவை நடந்துச்சுன்னா இவ போயிடுவா. காகிதத்துக்காகவா ஒரு உயிர் போகணும்?" என்றாள். கண் சிவந்திருந்தது. அவள் யாரைச் சொன்னாள் என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. நோன்பு வந்தால் பெருநாள் வரும். பெருநாள் வந்தால் படகு வரும்.

நாலாம் வியாழன் காலையில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நாலு மாவட்டத்தில் ஒரு பூனைக்குக்கூட அறுவை நடக்கவில்லையே என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். ஷெம்தோ எழுந்து நின்று படித்தார். கணவர் கையெழுத்துக் கிடைக்காதபோது, உரிமையாளர் கையெழுத்தே போதுமானது.

"உரிமையாளர் யாரு?"

"நான்தான்" என்றாள் செமேனி. கையெழுத்துப் போட்டாள். கூடவே வந்திருந்த மக்காமே முத்திரை குத்தினார். நாலு வாரம் நடக்காதது நாலு நொடியில் நடந்தது.

டாக்டர் எலிநாமி பாரே மலைப் பக்கத்துப் பெண். ஒல்லியாக, ரப்பர் செருப்போடு நின்றாள். அவள் மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் கிபிபியைப் பூனை என்று கூப்பிட்டாள். முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, மயக்கத்தில் கிடந்த கிபிபியைத் துண்டில் சுற்றிச் செமேனி கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு ராத்திரி சூடா வச்சுக்கங்க. தெளியிற வரைக்கும் உயரத்துல படுக்க வைக்காதீங்க, விழுந்துடும். நல்லா நடக்க ஆரம்பிச்சதும் கொஞ்சமா சாப்பாடு. பத்து நாள் குதிக்க விடக் கூடாது, தையலை நக்க விடக் கூடாது, தண்ணி படக் கூடாது. வீங்கினாலோ வாடை அடிச்சாலோ உடனே கொண்டாங்க. வேற ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் அமைதியா இருக்க விடுங்க."

அமைதி என்பதற்கு அலுவலகத்தில் ஃபாரம் இல்லை. ஷெம்தோ அதே பழைய கட்டிலிருந்து சான்றிதழ் ஒன்றை எடுத்து, 'கொம்போ வீடு' என்று விலாசம் எழுதி, மக்காமேயிடம் முத்திரை வாங்கி, உரக்கப் படித்தார்.

"மேற்படி பெண் பத்து நாட்கள் சுமை தூக்கலாகாது. அடுப்பு வேலை செய்யலாகாது. நாள்தோறும் முட்டையும் ஈரல் சூப்பும் உண்ண வேண்டும். தான் பூரண குணமடைந்துவிட்டதாக மேற்படி பெண் தானே கையெழுத்திட்டுத் தரும் வரை, அவ்வீட்டுக் கணவர் அவர் அறையில் உறங்கலாகாது."

"கிபிபி எப்படிங்க கையெழுத்துப் போடும்?"

"அவசரமில்ல. குணமானதும் வரட்டும்."

நல்ல காகிதம். பெண்ணுக்காக யாரோ ஒரு மகராசி உட்கார்ந்து யோசித்து எழுதியது. எந்தப் பெண் கைக்கும் போகாமல் கரையான் கைக்குப் போயிருக்கிறது. செமேனி ஐந்து பெற்றவள். ஐந்தாவதற்குப் பிறகு எட்டாம் நாள் நெத்திலிப் பானையைத் தலையில் தூக்கினாள். அவளுக்கு யாரும் ஈரல் சூப் படித்துக் காட்டவில்லை. எனக்கு அங்கேயே யார் முகத்திலாவது துப்ப வேண்டும் போலிருந்தது.

செமேனி தபுவின் பழைய பள்ளிச் சட்டைக் கையை வெட்டி, நாலு கால் நுழைய ஓட்டை போட்டு, கிபிபிக்குச் சட்டை மாட்டிவிட்டாள். தையல் மறைந்தது, நாக்கு எட்டவில்லை. முதல் நாள் கிபிபி குடித்தவன் போல ஆடியது. இரண்டாம் நாள் மீன் கஞ்சி நக்கியது. மூன்றாம் நாள் காலை பெட்டிக்குள் சுருண்டு, நாலு வாரத்தில் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கியது.

மூன்றாம் நாள் மதியம் 'அறுவைக்குப் பிந்தைய பராமரிப்புக் கண்காணிப்புக் குழு' வந்தது. ஏழு பேர், ஒரு கேமரா, ஒரு பேனர். அறையோ ஒரு கட்டிலுக்கும் ஒரு பெட்டிக்கும்தான் காணும். "சத்தம் போடாதீங்கய்யா, தூங்குது" என்று செமேனி கெஞ்சினாள். பெண்மணி ஓய்வில்தான் இருக்கிறாரா என்று குழு பார்க்க வேண்டும் என்றார்கள். பேனரைக் கட்டினார்கள். பேனர் பெட்டி மேல் சரிந்தது. கிபிபி அலறி எழுந்து, பெட்டியிலிருந்து கூரைக் கட்டைக்கு ஒரே தாவலாகத் தாவியது. இறங்கி வந்தபோது சட்டையில் ரத்தம்.

ஷெம்தோ குறிப்பேட்டில் எழுதினார்: நோயாளி அறிவுரையை மீறிக் குதித்தார்.

செமேனி கிபிபியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறி, டாங்காவில் எலிநாமி வீட்டுக்கே போய்விட்டாள். இரண்டு தையல் விட்டிருந்தது. எலிநாமி மறுபடி தைத்து, மருந்து கொடுத்து, "இனிமே எவனையும் உள்ள விடாதீங்க" என்றாள். "எவனையுமா?" என்று செமேனி கேட்டாள். "எவனையும்" என்றாள் டாக்டர். செமேனி அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பத்து நாளும் வாசலில் நான் உட்கார்ந்தேன். குழு மேலும் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நான் நெத்திலிக் கொதிதண்ணீர்ப் பானையோடு எழுந்து நின்றேன். ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். கிபிபி கட்டாந்தரையில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. முடி முளைக்க ஆரம்பித்திருந்தது.

வெற்றி விழா நடந்தது. ஷெம்தோ கோட்டு போட்டிருந்தார். மைக்கைப் பிடித்ததும் குரல் தழுதழுத்தது.

"நம்ம நெத்திலி அம்மாவைப் பாருங்க! ஒரு பெண் உயிர், திரும்பத் திரும்பப் பிரசவிச்சு, எலும்பும் தோலுமாகி, இன்னொரு பிரசவம்னா சாவுங்கிற நிலையில நிக்கும்போது, அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க நாம என்ன கல் நெஞ்சக்காரங்களா? பெண்ணுடம்பு என்ன இயந்திரமா? கணவர் ஊர் சுத்தப் போயிட்டா அவ கதியென்ன? அவர் வரும்வரை அவ செத்துக்கிட்டிருக்கணுமா? கூடாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். மக்காமேகூடக் கண்ணைத் துடைத்தார்.

செமேனி எழுந்தாள். கையில் கிபிபி.

"ஐயா, எனக்கு அஞ்சு பிள்ளை. ஆறாவது வந்தா நான் பிழைக்க மாட்டேன்னு மருத்துவச்சி சொல்லிட்டாங்க. எனக்கும் பண்ணிவிடுங்க. ஃபாரம் அதேதானே?"

"ஃபாரம் அதேதான் தாயி. கணவர் கையெழுத்து?"

"கடல்ல இருக்கார். கிபிபிக்கு இல்லாமலே பண்ணினீங்களே?"

"அதுக்கு உரிமையாளர் போட்டாரே. சுற்றறிக்கை தெளிவா இருக்கு. கணவர் இல்லன்னா உரிமையாளர்."

"என் உரிமையாளர் யாரு?"

ஷெம்தோ கேலி செய்யவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பி உண்மையாகவே தேடினார். பிறகு நிம்மதியாக நிமிர்ந்தார்.

"உங்க கணவர்தான்."

செமேனி மேசையிலிருந்து வெற்று ஃபாரம் ஒன்றை உருவிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. அதுதான் நிறையக் கிடந்ததே.

நோன்பு முடிந்து பெருநாள் பிறை தெரிந்த மாலை கொம்போ வந்தான். தோளில் பை, கையில் பேரீச்சம்பழம், முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டார்கள். அறைக் கதவில் கஞ்சி தடவி ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது. ஊதா முத்திரை பளிச்சென்று தெரிந்தது. கொம்போ எழுத்துக் கூட்டிப் படித்தான். 'அவ்வீட்டுக் கணவர் அவர் அறையில் உறங்கலாகாது.' பையைத் தோளிலிருந்து இறக்காமலே மக்காமேயைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"பெரியவரே, இது பூனைக்குக் கொடுத்த காகிதமாம். ஊரே சொல்லுது."

மக்காமே காகிதத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "பூனைன்னு எங்கயும் போடலையே. பெண்ணுன்னு இருக்கு. கொம்போ வீடுன்னு இருக்கு. முத்திரை என்னோடது. அதை நானே இல்லன்னு சொன்னா, இந்த ஊர்ல யாருக்கு எது செல்லும்? உன் நிக்காஹுக்குப் போட்டதும் இதே முத்திரைதான்டா."

கொம்போ பையோடு திரும்பிப் போனான். நாலு இரவு படகுக்குள் உறங்கினான். ஐந்தாம் நாள் காலையில் மக்காமேயோடு மறுபடி வாசலில் வந்து நின்றான். செமேனி வெற்று ஃபாரத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் பிடித்தாள். காலி இடமெல்லாம் நிரப்பியிருந்தாள். ஒரே ஓர் இடம்தான் பாக்கி.

"போடு."

"இது எதுக்கு?"

"போன தடவை என்னைப் பாயில பாக்க நீ இல்ல. ஸலூம் அம்மாவைக் கேளு, எவ்வளவு ரத்தம்னு சொல்லுவாங்க. எனக்கு இன்னும் சாக நேரமில்ல. அஞ்சு பேர் இருக்காங்க. போடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. அவன் போட்டான். மக்காமே முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, குத்தினார். அன்று மை காயவில்லை.

கொம்போ கதவிலிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்து அவளிடம் நீட்டினான். "சரி, இப்ப நீ இதுல போடு."

செமேனி தன் ஃபாரத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். கிபிபி வாசலில் உட்கார்ந்து, முடி முளைத்த வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது.

"அது கிபிபி காகிதம்" என்றாள். "குணமானதும் அவளே போடுவா."